காப்பீட்டு அட்டையும் மருத்துவ உரிமையும்

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டின் கீழ் வந்துள்ள குடும்பங்களின் எண்ணிக்கை கடந்த இருபது ஆண்டுகளில் பெருமளவு உயர்ந்துள்ளது. 2005-06ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வின் மூன்றாம் சுற்று நடைபெற்றபோது, ஒருவருக்கேனும் ஏதேனுமொரு மருத்துவக் காப்பீடு இருந்த குடும்பங்கள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 2015-16இன் நான்காம் சுற்றில் அது 28.7 சதவீதமாயிற்று. 2019-21இன் ஐந்தாம் சுற்றில் 41 சதவீதத்தை எட்டியது. அதன் பின்னர் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களும், 70 வயது கடந்த முதியோரும், இணையவழி நிறுவனங்களுக்காக உழைக்கும் விநியோகத் தொழிலாளர்களும் சேர்க்கப்படுவதாக அடுத்தடுத்து அறிவிப்புகள் வந்தன. உலகிலேயே மிகப்பெரிய திட்டம் இதுவே என்று ஒன்றிய அரசு பெருமை பேசுகிறது.

இதே காலத்தில் மற்றொன்றும் நடந்துள்ளது. போராடிப் பெற்ற ஊதிய உயர்வின் காரணமாகவே இஎஸ்ஐ மருத்துவமனையின் கதவு அடைபட்ட தொழிலாளர் குடும்பங்கள் நாட்டின் ஆலைப் பகுதிகள்தோறும் உள்ளன. மாதச் சம்பளம் சில நூறு ரூபாய் கூடியதற்காக, தாயின் நீரிழிவு மருந்துக்கும் குழந்தையின் காய்ச்சலுக்கும் இனித் தனியார் மருத்துவரிடம் ரொக்கம் கொடுக்க வேண்டிய நிலை அவர்களுக்கு. அவர்கள் வறியோர் பட்டியலிலும் இல்லை. தனியார் காப்பீட்டின் பிரீமியத்தை ஆண்டுதோறும் கட்டும் வசதியும் அவர்களுக்கு இல்லை.

இவ்விரு போக்குகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் உழைக்கும் குடும்பங்களின் உண்மை நிலை புலப்படும். அட்டை வைத்திருப்போர் கூடிவருகின்றனர். ஆனால் முதலாளியின் பங்களிப்போடு, சட்டத்தின் வலுவோடு, காய்ச்சல் முதல் புற்றுநோய் வரை சிகிச்சை பெறும் உரிமை தேய்ந்துவருகிறது. உரிமையின் இடத்தில் அட்டையை வைக்கும் இந்த மாற்றமே ஆளும் வர்க்கத்தின் இன்றைய சுகாதாரக் கொள்கை.

எண்களுக்குள் இருப்பது

காப்பீட்டுப் பரவலைக் கூறும் எண்களை முதலில் கவனமாகப் படிக்க வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வு, வீட்டில் ஒருவருக்குக் காப்பீடு இருந்தாலே அந்தக் குடும்பத்தைக் காப்பீடு பெற்ற குடும்பமாகக் கணக்கிடுகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் நால்வருக்கு எதுவுமில்லை என்றாலும் அது 41 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். தனிநபர்களைக் கணக்கிட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று வேறொரு சித்திரத்தைத் தந்தது. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடந்த அவ்வாய்வின்படி, ஏதேனுமொரு மருத்துவக் காப்பீடு பெற்றிருந்தோர் கிராமப்புறத்தில் 14 சதவீதம், நகர்ப்புறத்தில் 19 சதவீதம் மட்டுமே. ஆயுஷ்மான் பாரத் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நிலை இது என்பது உண்மை. ஆயினும் குடும்பக் கணக்குக்கும் தலைக் கணக்குக்கும் இடையிலுள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை இந்த ஒப்பீடு காட்டும்.

மாநிலங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வும் பெரிது. ஐந்தாம் சுற்றில் ராஜஸ்தானில் ஏறத்தாழ 88 சதவீதக் குடும்பங்களும், தமிழ்நாட்டில் மூன்றில் இரு பங்குக் குடும்பங்களும் ஏதேனுமொரு காப்பீட்டின் கீழ் இருந்தன. உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் அது ஐந்தில் ஒரு குடும்பத்திற்கும் குறைவு. டெல்லி, மும்பை, சூரத், பெங்களூரு, திருப்பூர் ஆகிய நகரங்களின் கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் உழைப்பாளிகளை அனுப்பும் மாநிலங்களே மிகக் குறைந்த பாதுகாப்பு உடையவையாக இருக்கின்றன.

வேலையின் தன்மை இதைத் தீர்மானிக்கிறது. விவசாயம் அல்லாத துறைகளில் மாதச் சம்பளம் பெறும் நிரந்தர வகை ஊழியர்களிலேயே பாதிக்கும் மேற்பட்டோருக்கு எந்தச் சமூகப் பாதுகாப்பும் இல்லை என்று ஒன்றிய அரசின் உழைப்புச் சந்தை ஆய்வுகள் ஆண்டுதோறும் கூறுகின்றன. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எழுத்து வடிவிலான வேலை ஒப்பந்தமே இல்லை. தினக்கூலிகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்ட அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவு செய்துள்ளனர். பதிவு எண் அவர்களுக்குக் கிடைத்தது. இஎஸ்ஐ கிடைக்கவில்லை.

இஎஸ்ஐ: வென்றதும் இழப்பதும்

விடுதலைக்கு முன்பே, 1944இல், தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு குறித்துப் பேராசிரியர் அதார்க்கர் அறிக்கை அளித்தார். 1946இல் வந்த போர் குழு அறிக்கை, பணம் இல்லாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்ற கொள்கையை முன்வைத்தது. தொழிற்சங்க இயக்கத்தின் எழுச்சி மிகுந்திருந்த அக்காலத்தில், 1948இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் சுமார் 1.20 லட்சம் தொழிலாளர்களோடு திட்டம் தொடங்கியது. இன்று 3 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களும், அவர்களது குடும்பத்தினரையும் சேர்த்து 14 கோடிக்கும் மேற்பட்டோரும் அதன் கீழ் உள்ளனர்.

குறைகள் பல இருப்பினும், இஎஸ்ஐயின் அமைப்பு வேறெந்தக் காப்பீட்டுக்கும் இல்லாத சிறப்புகளைக் கொண்டது. புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் அதில் அடங்கும். சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீத ஊதியம் இரண்டாண்டுகள் வரை நீளும். மகப்பேற்றுக்கு 26 வார முழு ஊதியம் உண்டு. வேலையில் விபத்து நேர்ந்து தொழிலாளி இறந்தால் குடும்பத்தாருக்கு உதவித்தொகை உண்டு. நோய் ஒரு தொழிலாளியைத் தாக்கும்போது மருத்துவச் செலவு, கூலி இழப்பு என்னும் இரு சுமைகளும் ஒரே நாளில் வீட்டுக்குள் நுழைகின்றன. இரண்டாவது சுமையையும் கணக்கில் கொண்டது இஎஸ்ஐ. ஐந்து லட்ச ரூபாய் அட்டைகள் எதுவும் அதைக் கணக்கில் கொள்வதில்லை.

இந்த உரிமை இரு வழிகளில் அரிக்கப்பட்டுள்ளது.

முதலாவது, ஊதிய உச்சவரம்பு. மாதம் 21,000 ரூபாய் என்னும் வரம்பு 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் பின் விலைவாசி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிட்டது. வரம்பு அசையாது நிற்க, பெயரளவில் ஏறும் ஊதியம் தொழிலாளியை அதற்கு வெளியே தள்ளுகிறது. டெல்லியில் 2025 ஏப்ரல் முதல் தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்குரிய குறைந்தபட்ச ஊதியம் மாதம் 22,411 ரூபாய். நாட்டின் தலைநகரில், திட்டம் தொடங்கிய இரு நகரங்களுள் ஒன்றில், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைப் பெறும் தேர்ச்சித் தொழிலாளி இஎஸ்ஐக்கு அதிகமாகச் சம்பாதிப்பவராகக் கருதப்படுகிறார். அவ்வூதியத்தை நேர்மையாக வழங்கும் முதலாளியின் ஆலையில் இஎஸ்ஐ இல்லை. குறைத்துக் கொடுத்துச் சட்டத்தை மீறும் முதலாளியின் ஆலையிலோ தொழிலாளி வரம்புக்குள் இருக்கிறார். இதைவிடத் தலைகீழான சமூகப் பாதுகாப்பைக் கற்பனை செய்ய இயலாது.

இதன் விளைவு தொழிற்சங்க வாழ்வையும் தொடுகிறது. ஊதியப் பேச்சுவார்த்தையில், இவ்வளவு கூட்டினால் இஎஸ்ஐ போய்விடும் என்று தொழிலாளர்களே தயங்கும் இடங்கள் உண்டு. ஒரு உரிமையை வெல்ல மற்றொன்றை விலையாகக் கேட்கும் ஏற்பாடு, மூலதனத்திற்கு எவ்வளவு வசதியானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சந்தாக் குறைப்பு. 2019 ஜூலை 1 முதல் முதலாளியின் பங்களிப்பு 4.75 சதவீதத்திலிருந்து 3.25 சதவீதமாகவும், தொழிலாளியின் பங்களிப்பு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 சதவீதமாகவும் குறைக்கப்பட்டன. தொழிலாளிக்குச் சலுகை என்று இது விளம்பரப்படுத்தப்பட்டது. மாதம் 20,000 ரூபாய் ஊதியம் பெறுபவரை எடுத்துக்கொண்டால், அவருக்கு மிஞ்சியது 200 ரூபாய். அவரது முதலாளிக்கு மிஞ்சியது 300 ரூபாய். அவர் பெயரில் மருத்துவ நிதிக்குச் சேர்ந்த தொகையோ 1,300 ரூபாயிலிருந்து 800 ரூபாயாகச் சுருங்கியது. இஎஸ்ஐ கழகத்திடம் உபரி இருக்கிறது என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம். மருத்துவர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கையில், மருந்தகங்களில் மருந்து இல்லையென்று நோயாளிகள் திருப்பி அனுப்பப்படுகையில், புதிய ஆலைப் பகுதிகளில் மருத்துவமனை எழாதிருக்கையில் சேர்ந்த உபரி அது. செலவிட வேண்டியதைச் செலவிடாமல் விட்டு, மிஞ்சியதைக் காட்டி முதலாளிகளின் பங்கைக் குறைத்தது அரசு.

2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மற்ற மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களோடு சேர்த்து 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. அபாயகரமான தொழில்களில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் இஎஸ்ஐ பொருந்தும் என்பது அதில் உள்ள நல்ல அம்சம். அதே சட்டம், பத்துப் பேருக்குக் குறைவான மற்ற நிறுவனங்களில் முதலாளியும் விரும்பினால்தான் இஎஸ்ஐ என்று விட்டுவிடுகிறது. இந்தியத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் இத்தகைய சிறு நிறுவனங்களிலேயே வேலை செய்கின்றனர். விநியோகத் தொழிலாளர்களுக்கோ தொழிலாளி என்ற தகுதியே மறுக்கப்பட்டுள்ளது. அவர்களுக்கான நிதிக்கு நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டும் என்றும், அதுவும் அத்தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டலாகாது என்றும் விதிக்கப்பட்டுள்ளது. மழையில் வண்டி சறுக்கிக் கால் முறிந்தவர், மூன்று மாதம் வீட்டில் கிடக்கும் காலத்திற்கான ஊதியத்தை எவரிடம் கேட்பது என்ற கேள்விக்கு இதில் விடையில்லை.

பீடித் தொழிலாளர்களின் அனுபவம் இன்னொரு பாடம். 1976ஆம் ஆண்டின் சட்டப்படி பீடி மீது விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து அவர்களுக்கான நல நிதி திரண்டது. மருந்தகங்களும் மருத்துவமனைகளும் அதனால் நடந்தன. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அத்தீர்வை ஒழிக்கப்பட்டது. முர்ஷிதாபாத், நிஜாமாபாத், மங்களூரு, திருநெல்வேலி வட்டாரங்களில் புகையிலைத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு வீட்டில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களின் மருத்துவத்திற்கென்றே இருந்த வருவாய் ஒரு வரிச் சீர்திருத்தத்தில் கரைந்துபோனது.

ஐந்து லட்ச ரூபாய் அட்டை

2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் தொடங்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை என்பது அதன் வாக்குறுதி. இது புதிதாகப் பிறந்ததன்று. 2007இல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ, 2008இல் ஒன்றிய அரசின் 30,000 ரூபாய்த் திட்டமான ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா, 2009இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று வளர்ந்துவந்த வழியின் தொடர்ச்சியே அது. அரசு பணம் தரும், சிகிச்சையைப் பெரும்பாலும் தனியார் தருவர் என்பதே அவ்வழியின் சாரம்.

இத்திட்டங்களால் பயன் ஏதுமில்லை என்று கூறுவது மக்களின் அனுபவத்துக்கு மாறானது. இதய அறுவைச் சிகிச்சை, சிறுநீரகச் சுத்திகரிப்பு, புற்றுநோய் மருந்து ஆகியவற்றுக்கு நிலத்தையோ தாலியையோ விற்க வேண்டியிருந்த பல குடும்பங்கள் அட்டையால் தப்பியுள்ளன. வேறு மாநிலத்துக்குப் பிழைக்கச் சென்றவர் அங்கும் அட்டையைப் பயன்படுத்த முடிவது உண்மையான வசதி. அந்த அட்டையைப் பெறுவது உழைப்பாளியின் உரிமை. பெற்றுத்தருவது கட்சி ஊழியரின் கடமை. விமர்சனம் அட்டையை வைத்திருப்பவர் மீதன்று, அட்டையோடு நின்றுவிடும் அரசின் மீது.

அத்திட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் அது பொருந்தும். சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்கள், வெளியேறிய பின் பதினைந்து நாட்கள் என்ற அளவுக்கு மருந்துச் செலவு அதில் சேரும். அன்றாடப் புறநோயாளிச் சிகிச்சை இல்லை. உழைக்கும் குடும்பங்களின் கைப்பணத்தை மாதந்தோறும் கரைப்பது இரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு மருந்து, இடுப்புவலி, பரிசோதனைக் கட்டணம் ஆகியவைதாம். பாயும் வெள்ளத்துக்கு அணை கட்டிவிட்டு, அன்றாடம் ஒழுகும் கூரையை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

பயனாளிகளைத் தேர்ந்த முறையும் குறையுடையது. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின் அடிப்படையில் 10.74 கோடிக் குடும்பங்கள் முதலில் தெரிவு செய்யப்பட்டன. பின்னர் அது 12 கோடியாக உயர்த்தப்பட்டது. அக்கணக்கெடுப்பு நடந்த ஆண்டில் கிராமத்தில் சிறிது நிலம் இருந்து, பின்னர் அதை இழந்து நகரத்துக்கு வந்த குடும்பம் பட்டியலில் இல்லை. அதே வேளையில், 2023இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, 9 என்ற இலக்கம் பத்துமுறை அமைந்த ஒரே கைபேசி எண்ணில் சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் இணைக்கப்பட்டிருந்ததை வெளிப்படுத்தியது. இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 நோயாளிகளின் பெயரில் 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்ததையும் அது சுட்டியது.

தனியார் மருத்துவமனைகளை நம்பி நிற்கும் ஏற்பாட்டில், அவர்கள் கையை விரித்தால் நோயாளிக்குப் போக்கிடம் இல்லை. 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் தனியார் மருத்துவமனைகள், அரசு தர வேண்டிய தொகை பாக்கி நிற்பதைக் காட்டி ஆயுஷ்மான் சிகிச்சையை நிறுத்தின. அரசு பாக்கி வைத்தது குற்றம். நோயாளியைப் பணயமாக்கியதும் குற்றம். அரசு மருத்துவமனை வலுவாக இருக்கும் இடத்தில் இத்தகைய நெருக்குதலுக்கு இடமிருக்காது. ராஜஸ்தானில் 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது, அவசரச் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்ற விதியை எதிர்த்துத் தனியார் மருத்துவர்கள் பணிநிறுத்தம் செய்தனர். நாட்டிலேயே மிக அதிகமான காப்பீட்டுப் பரவல் கொண்ட மாநிலத்தில் நடந்தது இது. அட்டை எல்லா வீட்டிலும் இருக்கலாம். உரிமை என்ற சொல் சட்டத்தில் ஏறும்போதுதான் எதிர்ப்பு கிளம்புகிறது.

2024இல் இஎஸ்ஐயையும் இத்திட்டத்தையும் இணைப்பதாக அறிவித்து, ஆயுஷ்மான் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளை இஎஸ்ஐ பயனாளிகளுக்குத் திறந்துவிடுவதாக அரசு கூறியது. அருகில் இஎஸ்ஐ மருத்துவமனை இல்லாத தொழிலாளிக்கு இது உடனடி வசதி என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சொந்த மருத்துவமனைகளைக் கட்டி, மருத்துவர்களை நியமிப்பதற்குப் பதிலாக இதுவே நிரந்தர வழியாகுமானால், தொழிலாளியின் சந்தாப் பணம் தனியார் மருத்துவமனைகளின் வருவாயாக மாறும்.

சந்தையில் வாங்கும் பாதுகாப்பு

இஎஸ்ஐ வரம்புக்கு மேலும், வறியோர் பட்டியலுக்கு வெளியேயும் உள்ளோரை அரசின் நிதி ஆயோக் 2021இல் தன் அறிக்கையில் விடுபட்ட நடுப்பகுதி என்று அழைத்தது. மக்கள்தொகையில் 30 சதவீதம், அதாவது சுமார் 40 கோடிப் பேர், எந்தக் காப்பீடும் அற்றவர்கள் என்று அது மதிப்பிட்டது. நோயை அறிந்த அவ்வறிக்கை எழுதித்தந்த மருந்து, அவர்கள் தாமே பணம் கட்டிச் சேரும் காப்பீட்டுத் திட்டங்கள்தாம்.

அந்தச் சந்தையின் இயல்பைக் கணக்குகளே காட்டுகின்றன. சுகாதாரக் காப்பீட்டை மட்டும் நடத்தும் தனியார் நிறுவனங்கள், வசூலிக்கும் பிரீமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே இழப்பீடாகத் திருப்பித் தருகின்றன. எஞ்சியது விளம்பரம், தரகு, நிர்வாகம், லாபம் ஆகியவற்றுக்குச் செல்கிறது. பொதுத்துறை நிறுவனங்களோ பெற்ற பிரீமியத்தை ஏறத்தாழ முழுவதுமாக இழப்பீட்டுக்குச் செலவிடுகின்றன. 1973இல் நாட்டுடைமையான பொதுக் காப்பீட்டுத் துறை, 1999இன் சட்டத்துக்குப் பின் தனியாருக்குத் திறக்கப்பட்டது. அந்நிய முதலீட்டின் வரம்பு 26 சதவீதத்தில் தொடங்கி, 2015இல் 49 சதவீதமாகவும், 2021இல் 74 சதவீதமாகவும் உயர்ந்து, இப்போது முழுமையாகத் திறக்கப்பட்டுள்ளது.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. எதிர்க்கட்சிகளும் காப்பீட்டு ஊழியர் சங்கங்களும் நெடுங்காலமாக வலியுறுத்திய கோரிக்கை அது, வரவேற்கத்தக்கது. ஆனால் நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக எடுக்கும் குழுக் காப்பீட்டின் மீது வரி தொடர்கிறது. இஎஸ்ஐ வரம்பைத் தாண்டிய ஆலைத் தொழிலாளிக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் குழுக் காப்பீடே. வேலை போகும் நாளில் அதுவும் போய்விடும். ஒப்பந்ததாரர் மாறினால் புதிய பாலிசி. புதிய பாலிசியில் பெற்றோர் இருப்பார்களா என்பது ஒப்பந்ததாரரின் மனத்தைப் பொறுத்தது.

பணம் எங்கிருந்து வரும்?

மருத்துவத்தை அரசே அளிக்கப் பணம் ஏது என்பது வழக்கமான கேள்வி. 2017ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவு 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று இந்த அரசே வகுத்த இலக்கு. தேசியச் சுகாதாரக் கணக்குகளின்படி 2021-22இல் அது 1.84 சதவீதம். பெருந்தொற்றுக் காலத்தில், தடுப்பூசிச் செலவையும் உள்ளடக்கி எட்டிய அளவு அது. மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் கைப்பணமாகச் செலவிடும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று அரசு கூறுகிறது. அரசின் கணக்கையே ஏற்றுக்கொண்டாலும், நாட்டில் மருத்துவத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறத்தாழ நாற்பது ரூபாய் இன்னமும் நோயாளியின் மடியிலிருந்தே வருகிறது.

அரசு மருத்துவமனைக்கும் தனியாருக்கும் உள்ள வேறுபாட்டையும் அரசின் ஆய்வே அளந்து வைத்துள்ளது. 2017-18இல், மகப்பேறு தவிர்த்து, ஒருமுறை மருத்துவமனையில் சேர்வதற்கான சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியாரிடத்தில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு. காப்பீட்டுப் பணம் இந்த ஏழு மடங்கைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது. பொதுச் சுகாதார அமைப்போ அதைத் தேவையற்றதாக்குகிறது. 2025-26 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் ஆயுஷ்மான் காப்பீட்டுக்கு 9,406 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் தனியாருக்குச் செல்லும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு மாவட்ட மருத்துவமனையின் படுக்கையாகவோ, ஆரம்பச் சுகாதார நிலையத்தின் மருந்தாகவோ ஆகியிருக்கக்கூடியது. கேரளத்தில் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தின் கீழ் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் குடும்ப நல மையங்களாக மாற்றப்பட்டு, வேலை முடிந்து வருவோரும் மருத்துவரைக் காணும்படி மாலையிலும் புறநோயாளிப் பிரிவு நடத்தப்பட்டது. உழைப்பாளியின் நேரத்தை அறிந்த ஏற்பாடு அது. எந்த அட்டையும் அதற்குத் தேவைப்படவில்லை.

கோரிக்கைகளும் கடமைகளும்

இச்சூழலில் இடதுசாரி, ஜனநாயக இயக்கங்கள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. இஎஸ்ஐ ஊதிய வரம்பை உடனடியாக உயர்த்தி, விலைவாசியோடு இணைத்து, இறுதியில் வரம்பையே நீக்க வேண்டும். முதலாளிகளின் பங்களிப்பை 4.75 சதவீதத்துக்கு மீட்க வேண்டும். பத்துப் பேர் என்ற தடையின்றி எல்லா நிறுவனங்களுக்கும், திட்டப் பணியாளர்களுக்கும், விநியோகத் தொழிலாளர்களுக்கும் இஎஸ்ஐயை விரிவாக்க வேண்டும். உபரி நிதி மருத்துவமனைகளாகவும் மருத்துவர் நியமனங்களாகவும் மாற வேண்டும். பீடித் தொழிலாளரின் நல நிதிக்கு நிலையான தனி வருவாய் வேண்டும். புறநோயாளிச் சிகிச்சையும் அத்தியாவசிய மருந்தும் அரசு நிலையங்களில் அனைவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தொகுப்புச் சட்டங்களை எதிர்த்து 2025 ஜூலை 9 அன்று நடைபெற்ற நாடு தழுவிய வேலைநிறுத்தத்தின் தொடர்ச்சியாகவே இக்கோரிக்கைகளைக் காண வேண்டும்.

கோரிக்கை முழக்கம் மட்டும் போதாது. மருத்துவம் என்பது உழைக்கும் குடும்பம் ஒவ்வொரு மாதமும் சந்திக்கும் கேள்வி. கட்சிக் கிளையும் தொழிற்சங்கமும் அந்தக் கேள்வி எழும் இடத்தில் நிற்க வேண்டும். சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் காட்டப்பட்டும் பணம் கட்டப்படாத ஆலைகள் எவை என்பதை ஒவ்வொரு தொழிலாளியின் காப்பீட்டு எண்ணையும் கொண்டு சரிபார்க்க முடியும். ஒப்பந்தத் தொழிலாளியின் சந்தாவுக்கு முதன்மை முதலாளியும் பொறுப்பு என்பதைத் தொழிலாளர்கள் அறிய வேண்டும். ஊதிய ஒப்பந்தம் போடும்போது, வரம்பைத் தாண்டும் தொழிலாளரின் குடும்பத்துக்கு, பெற்றோர் உட்பட, முதலாளியின் செலவில் மாற்று ஏற்பாடு வேண்டும் என்ற பிரிவைத் தவறாமல் சேர்க்க வேண்டும். ஆயுஷ்மான் அட்டை இருந்தும் பணம் கேட்கும் மருத்துவமனைகள் மீது 14555 என்ற எண்ணில் புகார் அளிக்கவும், புகாரைப் பின்தொடரவும் உதவ வேண்டும். புலம்பெயர்ந்த தொழிலாளர் குடியிருப்புகளில் எத்தனை குடும்பங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதை வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தால், அடுத்த போராட்டத்துக்கான கோரிக்கை மனு அங்கேயே உருவாகிவிடும்.

இந்தப் பணியில் ஒரு எச்சரிக்கை அவசியம். அட்டை வாங்கித்தருவதோடு நின்றுவிட்டால், அரசின் திட்டத்துக்கு ஊதியமில்லாத முகவராகக் கட்சி ஊழியர் மாறிப்போவார். அட்டையைப் புறக்கணித்துக் கொள்கை மட்டும் பேசினால், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தாய்க்கு அந்தப் பேச்சால் பயனில்லை. மருத்துவமனை வாயிலில் உடன் நின்றவர் சொல்லும்போதுதான், இந்தச் சிகிச்சை பிச்சையன்று, உனது உழைப்பின் பங்கு என்ற சொல் அந்தத் தாயின் காதில் ஏறும்.

மருத்துவம் முதலாளியின் கருணையோ, அரசின் அன்பளிப்போ, சந்தையின் சரக்கோ அன்று என்ற கோட்பாட்டின் மீதே 1948இல் இஎஸ்ஐ நிறுவப்பட்டது. அந்தக் கோட்பாட்டை ஆலை வாயிலோடு நிறுத்தாமல் கட்டடத் தொழிலாளிக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், விவசாயக் கூலிக்கும் கொண்டுசெல்வதே முடிக்கப்படாமல் நிற்கும் பணி. ஊதிய வரம்பை உயர்த்தும் கோரிக்கை அதன் முதல் படி. அப்போராட்டத்தை ஒவ்வொரு ஆலை வாயிலிலும் தொடங்குவது இன்றைய கடமை.